இரண்டு விரல் பின்னால்

நூற்றுப்பத்து ஆகிவிட்டது. இரண்டாயிரம் வந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். நொடிக்கு ஐந்து அடி என்று பிசியோதெரபி பார்க்கிற ரெஹானா முதல் நாளே சொல்லியிருந்தாள். ஊசி இல்லை, கத்தி இல்லை, வெறும் காற்றின் அடிதான், அது அலையாக உள்ளே போய் தசைநாரைத் தட்டி எழுப்பும், எழுப்பினால்தான் உடம்பு அங்கே போய் ஆற்றும் என்றாள். துப்பாக்கி மாதிரி ஒன்று கையில் வைத்திருக்கிறாள். அதன் முனையில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஓர் இரும்பு. குளிர்ந்த பசையைத் தடவி அதைத் தோளில் வைத்து அழுத்தினால் டக் டக் டக் டக் என்று பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம், ஆனால் சுவர் நான்தான். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். முகத்துக்கு நேரே பச்சைத் திரை, திரையை ஒட்டி இயந்திரம், அதில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நூற்று நாற்பது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவள் அடிக்கிற இடத்தில் எனக்கு வலி கிடையாது. வலி அங்கிருந்து இரண்டு விரல் பின்னால், தோள்பட்டை எலும்பு மேடாக வந்து முடிகிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் யாரோ அங்கே நகத்தை வைத்துக் கீறுகிறார்கள். இன்னும் பின்னாடி என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வரும்போதுகூட வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். மேடம், நான் ரெண்டு தடவையும் தப்பாச் சொல்லிட்டேன், இங்க இல்ல, இன்னும் பின்னாடி. உள்ளே வந்தேன், படுத்தேன், ரவிக்கையின் கையைத் தளர்த்திக்கொண்டேன், சொல்ல வாயைத் திறந்தேன், அப்போதுதான் வெளியே அந்தச் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

பதினேழு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்து நின்றிருக்கிறோம். கடையில் முதல் மாடி பட்டுப் பிரிவில் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றாலும் இடுப்பில் அந்தக் கொத்து குலுங்கும், சுவரில் சாய்ந்திருந்தவள் விலகுவாள், சேலைக்கட்டின் மேல் ஓரமாக ஒண்டியிருந்தவள் எழுந்துகொள்வாள். சூப்பர்வைசர் குஞ்சிதபாதம் சார். ஒருவேளை அவராக இருக்காது, ஊரில் சாவிக்கொத்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானா என்று நினைத்தேன். உடனே இருமல் வந்தது, இரண்டு தடவை, நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். "ரொம்ப நேரமாகுமா? ஒம்பதரைக்குக் கடை தெறக்கணும்." அவரேதான். "ஒரே மெஷின்தான் சார், உள்ள ஒரு அம்மாவுக்கு ஓடப்போவுது. முடிஞ்சதும் உங்களுக்குத்தான்" என்றாள் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண். அந்த ஒரு அம்மா நான். திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில் இருக்கிறது, அங்கே வந்து உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சென்றது. திரை தரைவரை வராது, ஒரு சாண் இடைவெளி. அதில் பழுப்பு ஷூ இரண்டு தெரிந்தன, பிறகு ஒன்று. இன்னொன்றைக் கழற்றிவிட்டார். சாம்பல் நிறக் காலுறை, குதிகாலில் தேய்ந்து மெலிந்து போயிருந்தது. குதிகால் வலி. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். கடைக்கு நேராகப் போகவேண்டும் என்று சீருடைச் சேலையிலேயே வந்திருக்கிறேன். அரக்கு, மஞ்சள் கரை. இந்த ஊரில் நாங்கள் அறுபது பேர் மட்டும் கட்டுகிற சேலை. அந்த ஒரு சாணில் கரை தெரிந்தால் போதும்.

"போன தடவைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றாள் ரெஹானா. கையை அப்படி இப்படி ஆட்டிக் காட்டினேன். "என்ன, பேச மாட்டேங்கிறீங்க? தொண்டை கட்டிக்கிச்சா?" தலையாட்டினேன். "ஐஸ் தண்ணி குடிச்சீங்களா? சரி, பேச வேணாம். வலி பத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டே வாங்க." இடதுகையால் மூன்று விரலைக் காட்டினேன். ஏன் மூன்று. முதல் தடவையும் மூன்று, இரண்டாம் தடவையும் மூன்று, பழக்கத்தில் அதுவே வந்துவிட்டது. விரலைக் காட்டிய பிறகு வாயால் மாற்ற முடியாது. தொண்டை கட்டியிருக்கிறது என்று வேறு ஆகிவிட்டது. முந்நூற்று அறுபது. என் குரல் அவருக்குத் தெரியும். முகம் பார்க்காமலே யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். தூணுக்குப் பின்னால் நின்று நாங்கள் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறோம் என்று கேட்பதுதானே அவர் வேலை. குரல்ல சிரிப்பு இருக்கணும் அமலா, முகத்துல இல்லாட்டிக்கூட பரவால்ல என்பார். கடையில் நான் அமலா. இங்கே கோப்பில் அமலோற்பவம் என்று முழுசாக எழுதியிருக்கிறது, கோப்பு வெளியே மேஜையில் இருக்கிறது. அவர் அதைப் பார்த்திருப்பாரா. வருகைப் பதிவேட்டில் அமலோற்பவம் என்றுதான் இருக்கும், ஆனால் அதை அவர் பார்ப்பதில்லை, கணக்கர் பார்ப்பார். இல்லை, மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறாரே. போடுகிறார், படிப்பாரா. நானூற்று ஐம்பது.

வலியை நான் தொலைத்தது ஒரு வார்த்தையால். முதல் நாள் ரெஹானா கட்டைவிரலால் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஸ்கேன்ல தசைநார் தேஞ்சிருக்கறது தெரியும்மா, எங்க வலிக்குதுன்னு ஸ்கேனுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும் என்றாள். முன்பக்கம் அழுத்தினாள், லேசாக இருந்தது. பின்பக்கம் போனாள். அந்த இடத்தில் விரல் விழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பல் கூசியது. "இங்கயாம்மா?" என்றாள். என் வாய் "பரவால்லம்மா" என்றது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிற வார்த்தை. அறுபது எழுபது சேலையைப் பிரித்துப்போட்ட பிறகு, உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுக்கறோம் என்று அந்த வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார், பரவால்லம்மா, பாருங்க, இன்னும் உள்ள இருக்கு, காட்டறேன் என்று கை மேல்தட்டுக்குப் போகும். சிரிப்போடுதான் சொன்னேன் போலிருக்கிறது. ரெஹானா நம்பிவிட்டாள். விரலை முன்னால் கொண்டுவந்து, அப்போ இங்கதான் என்று மையால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியில்தான் இரண்டாயிரம், இரண்டாயிரம், இப்போது மூன்றாவது இரண்டாயிரம். டாக்டர் சீட்டில் மூன்றுதான் எழுதியிருக்கிறார். இதில் கேட்காவிட்டால் தோளில் ஓட்டை போட்டுத் தசைநாரைத் தைக்கவேண்டும், மூன்று மாதம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்காரவேண்டும். உட்காருவதற்கு எங்கள் கடையில் இடம் கிடையாது. ஐந்நூற்று எண்பது.

சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னால் என்ன. இயந்திரம் இவ்வளவு இரைகிறதே, என் குரல் அதில் கரைந்துவிடும், ரெஹானாவின் காது இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறது. உதட்டைத் திறந்தேன். பின்னாடி. காற்றுதான் வந்தது. சட்டென்று ரெஹானா விசையை விட்டுவிட்டாள். டக் டக் நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மேலே மின்விசிறி. திரைக்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது. "என்னம்மா சொன்னீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். "வலிச்சாச் சொல்லிடுங்க, அடக்கிக்காதீங்க." மறுபடி டக் டக். அறுநூற்று நாற்பது. என்ன கோழைத்தனம் இது. வார்த்தையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும். அமலாவா அது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால். தெரிந்தால் கீழே.

கீழே என்றால் தரைக்குக் கீழே. மடிப்புப் பிரிவு. நாங்கள் பிரித்து விசிறிப்போட்டதையெல்லாம் கூடை கூடையாகக் கீழே அனுப்புவோம், அங்கே பத்துப் பேர் நின்று மறுபடி பழைய மடிப்புக்குக் கொண்டுவந்து அட்டை வைத்து மேலே அனுப்புவார்கள். ஜன்னல் இல்லை. வெயிலா மழையா என்று எங்களைக் கேட்பார்கள். பாக்கியம் அக்காவுக்கு முழங்கால் போனதும் கீழே அனுப்பினார்கள். அவள் பட்டுச்சேலையை விசிறினால் கரை ஒரு சுருக்கமில்லாமல் வாடிக்கையாளர் மடிக்கு முன்னால் போய் விழும். இப்போது லிஃப்டில் பார்த்தால் நூல் தூசியில் இருமிக்கொண்டு, யாரும்மா புதுசா, நல்லாயிருக்கியா என்று ஆள் அடையாளம் தெரியாமல் என்னிடமே கேட்கிறாள். நான் ஒன்றும் அவள் அளவுக்கு இல்லை. ஆனால் எனக்கும் தெரியும். மேல்தட்டிலிருந்து இழுத்து, ஓரத்தை இரண்டு விரலில் பிடித்து, தோளிலிருந்து ஒரு வீச்சு. பாதி தூரத்தில் அது தானாகத் திறக்கும். அந்தத் திறக்கிற நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன். அது எனக்குப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை, அது எனக்குப் பிடிக்கும்.

எண்ணூற்றுப் பத்து. "கொஞ்சம் ஏத்தறேன்மா" என்றாள் ரெஹானா, "மூணுதானே சொன்னீங்க, ஏழு எட்டுக்கு வந்தாத்தான் பலன்." ஒரு பொத்தானை அழுத்தினாள். அடி கனத்தது. இப்போது அது சும்மா கிடந்த நல்ல சதையைப் போட்டு அடிக்கிறது. எதுவும் இல்லாத இடத்தில் புதிதாக ஒரு வலி உண்டாகிறது. அது என் வலி இல்லை. என் வலி இரண்டு விரல் தள்ளி இருந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுபடி மூன்று விரல் காட்டினேன். வேறு எதைக் காட்ட. எட்டு விரல் காட்ட இரண்டு கை வேண்டும்.

துறையூர்க்காரர்கள் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி. அத்தைதான் எல்லாம். காலையிலிருந்து நாற்பது சேலை பிரித்திருந்தேன், வலதுகை மேலே போக மறுத்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை, முகூர்த்தத்துக்கு அதுதான் என்று முடிவாகிவிட்டது. அதை எடுத்து நீட்டவேண்டும், அவ்வளவுதான். வலதுகை இடுப்பைவிட்டு எழவில்லை. இடதுகை தானாகப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டது. பெண் வாங்கக் கை நீட்டினாள், அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "முகூர்த்தப் பட்ட பீச்சாங்கையில குடுக்கறா பாரு. ஏம்மா, ஒங்க கடையில கைன்னு ஒண்ணுதான் குடுத்து வேலைக்கு வச்சிருக்காங்களா?" பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். பெண்ணின் அம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். சாவிக்கொத்து வந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதே நிறத்தில் இன்னொரு சேலையை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி, புதுசாப் பிரிக்காதது, நீங்களே மொதல்ல தொடுங்கம்மா என்று கொடுத்தார். நான் நீட்டியது கூடைக்குப் போனது. பிறகு லிஃப்ட் அருகில் நிறுத்திச் சொன்னார்: "அமலா, கை சரியில்லேன்னா சொல்லு. கீழ மாத்திவிடறேன்." சொல்லு என்றார். அதை எத்தனையோ விதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அக்கறையாகவும் கேட்கிறது, மிரட்டலாகவும் கேட்கிறது. குரலில் சிரிப்பு இருந்தது. அவர் குரலில் எப்போதும் சிரிப்பு இருக்கும். இல்ல சார், நல்லாத்தான் இருக்கு, ஏதோ ஞாபகத்துல என்றேன். ஞாபகத்துல பட்ட குடுக்காத என்றார்.

அன்றிலிருந்து கீழ்த்தட்டுச் சேலையாகப் பார்த்துக் காட்டுகிறேன். மேலே என்ன இருக்கு என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் கலைமதியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறேன். வீட்டில் ஷீபா தலை பின்னிவிடுகிறாள், ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுகிறாள், ஏம்மா என்று கேட்பதில்லை. மகள் கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இன்றைக்கு ஆவணி முகூர்த்தக் கூட்டம் தொடங்குகிறது. மேல்தட்டு முழுக்கப் புதுச் சரக்கு. ஆயிரத்து நூறு.

திரைக்கு அந்தப் பக்கம் கைபேசி அடித்தது. "வணக்கம் சின்னவரே." முதலாளியின் மகன். எழுந்து நின்றுவிட்டார், அந்தப் பழுப்பு ஷூவும் காலுறையும் ஒன்றாகத் தரையில் நின்றன. குதிகால் மட்டும் மேலே தூக்கியிருந்தது. "ஆமாங்க, மலைக்கோட்டையில இருக்கேன். தாயுமானவருக்கு ஒரு அர்ச்சனை, சீசன் நல்லாப் போவணும்ல. இல்லல்ல, ஏறி எறங்கிட்டேன். காலா? காலுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. சத்தமா? பக்கத்துல ஏதோ வேலை நடக்குது, கல் கொத்தறாங்க. தோ வந்துடறேன்." கல் கொத்துகிற சத்தம் என் தோளில் நடந்துகொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, உடனே வற்றியது. அவருக்கும் தன் வலி யாருக்கும் தெரியக்கூடாது. நாள் முழுக்க நடந்து, யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்ட கால். அதற்காக இரக்கப்பட ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டேன். இப்போது நான் பேசினால் அவர் பொய்யைக் கேட்டவள் என்றும் ஆகிவிடும். தன் பொய்யைக் கேட்டவளை ஒருவர் தினமும் கண்முன்னால் வைத்துக்கொள்வாரா. கீழே அனுப்ப இன்னொரு காரணம். இதற்கு முன்னால் பேசியிருக்கலாம், ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் வெறும் கை மட்டும்தான். இப்போது கையும் காதும். முன்னால் போனாலும் சுவர், பின்னால் வந்தாலும் சுவர். முடியட்டும், இன்னும் எழுநூறு அடி, பேசாமல் கிடந்து எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு போய்விடலாம். போய்? போய் மேல்தட்டுக்குக் கையைத் தூக்கவேண்டும். அங்கேயும் அவர்தான் நிற்பார்.

ஆயிரத்து நானூற்று முப்பது. ரெஹானாவின் இடதுகை என் தோளைப் பிடித்திருக்கிறது. சுண்டுவிரல் மட்டும் அந்த இடத்தின்மேல் கிடக்கிறது. அவளுக்குத் தெரியாது. அடிக்கு அடி அந்தச் சுண்டுவிரல் அங்கே அதிர்கிறது, இங்கே இங்கே என்று சொல்வதுபோல. ஆயிரத்து ஐந்நூறு. இதுவரை மூன்று தடவையாக ஐயாயிரத்து ஐந்நூறு அடி வாங்கியிருக்கிறேன், ஒன்றுகூட என் வலிமேல் விழவில்லை. இந்த நினைப்புத்தான் தாங்கவில்லை. மற்றதெல்லாம் தாங்கியாகிவிட்டது. ஆயிரத்து அறுநூற்று இருபது. துறையூர் அத்தை, லிஃப்ட், சொல்லு, பாக்கியம் அக்கா யாரும்மா புதுசா என்கிறாள், மாம்பழ நிறச் சேலை கூடைக்குள் போகிறது. ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

"இங்க இல்ல மேடம்."

குரல் பெரிதாக வந்துவிட்டது. கடைக் குரல், கூட்டத்துக்கு நடுவில் மூன்றாவது பாய் வரை கேட்கிற குரல். இயந்திரம் நின்றது. "என்னம்மா?" "இங்க இல்ல. இன்னும் பின்னாடி. ரெண்டு விரல் பின்னாடி. மொதல்லேர்ந்தே தப்பாச் சொல்லிட்டேன்." திரைக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கி, யாரோ கையால் பொத்திப் பிடித்ததுபோல் பாதியில் நின்றது. அந்த ஒரு சாண் இடைவெளியில் காலுறைக் கால் மெல்லப் பின்வாங்கிக் கட்டிலுக்கு மேலே போயிற்று. ஷூ போட்ட கால் மட்டும் தனியாகத் தரையில் இருந்தது. தெரிந்துவிட்டது. ரெஹானா கட்டைவிரலைப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினாள். அம்மா என்று கத்திவிட்டேன். "யா அல்லா, இத்தனை நாள் இத வச்சிக்கிட்டா மூணு மூணுன்னு காட்டினீங்க?" என்றாள், கோபமாகத்தான். "பதினேழு வருஷமாச் சேலை விசிறிப்போடற கை மேடம்" என்றேன். இதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாருக்குச் சொன்னேன் என்று தெரியும். "அப்போ மொதல்லேர்ந்து ரெண்டாயிரம் போடணும். தாங்குவீங்களா?" "போடுங்க." திரையைப் பார்த்துக் குரல்கொடுத்தாள்: "சார், இன்னொரு பத்து நிமிஷம் ஆகும். பரவாயில்லியா?" பசையைத் தடவிக்கொண்டே மறுபடி கேட்டாள்: "சார்?"

"ம்" என்றது அந்தப் பக்கம்.

சிவப்பு எண் பூஜ்யத்துக்குப் போய் மறுபடி ஏற ஆரம்பித்தது. இந்தத் தடவை சுவர் மட்டும் நான் இல்லை, ஆணியும் நான்தான். கட்டில் விளிம்பை இடதுகையால் பிடித்துக்கொண்டேன். பத்துக்கு எவ்வளவு என்று அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன், ஒம்பது, ஒம்பது, எட்டு, இல்ல ஒம்பதுதான். சொல்லச் சொல்ல அவள் குறைத்தாள், நகர்த்தினாள், மறுபடி ஏற்றினாள். கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரியாது, லிஃப்ட் அருகில் நிறுத்துவார், நிறுத்தாமலும் போகலாம், எனக்குத் தெரியாது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது. ஐந்நூறு. ஆயிரம். எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

முடிந்ததும் ஐஸ் பையைத் தோளில் வைத்து, அந்த நாற்காலியில பத்து நிமிஷம் உக்காருங்க, உடனே எழுந்திரிக்கக் கூடாது என்றாள். ரெண்டு நாளைக்குக் கையை மேல தூக்கக் கூடாது என்றும் சொன்னாள். திரையை விலக்காமல் அதன் ஓரத்தைத் தூக்கி இயந்திரத்தை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் நாற்காலி திரைக்கு நேராக இருந்தது. உட்கார்ந்தேன். சேலைக் கரை தரையில் புரண்டது, ஒதுக்கவில்லை. அவர் இருக்கிற இடத்தில் நான் உட்கார்வது இதுதான் முதல் தடவை. டக் டக் டக் டக் என்று தொடங்கியது. கட்டில் ஒருமுறை உதறிக்கொண்டது.

"பத்துக்கு எவ்வளவு சார்?"

கட்டில் மறுபடி கிறீச்சென்றது.

"விரலைக் காட்டாதீங்க சார், குனிஞ்சிருக்கேன்ல, எனக்கெப்படித் தெரியும்? வாயத் தெறந்து சொல்லுங்க."

பிறகு குரல் வந்தது, சிரிப்போடு.

"பரவால்லம்மா."

"அப்போ கொஞ்சம் ஏத்தறேன் சார்" என்றாள் ரெஹானா.